யாருக்கும் பயன்படாத பள்ளம்

குறிஞ்சி நகர், தென்காசி
5 ஜூன் 2025

மதிப்பிற்குரிய அக்கா அகிலாண்டேஸ்வரி அவர்களுக்கு, தம்பி காந்திமதிநாதன் எழுதுவது.

நேற்று மாலை ஆறு நாற்பதுக்கு, குறிஞ்சி நகர் புவி வெப்பத் தணிப்பு மன்றம் தன் வரலாற்றிலேயே பெரிய முடிவை எடுத்தது. மன்றத்தின் உறுப்பினர்கள் இனி உறவினர்களுக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பமாட்டார்கள். கையால் கடிதம் எழுதுவார்கள். மன்றம் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது.

இதன் பின்னணியைத் தாங்கள் அறிய வேண்டும். நாம் அனுப்பும் ஒவ்வொரு காலை வணக்கமும் ஏதோ ஒரு நாட்டில் ஒரு கட்டடத்தைச் சூடாக்குகிறது. அந்தக் கட்டடத்தைக் குளிர்விக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு நிலக்கரி வேண்டும். ரோஜாப்பூப் படம் போட்ட வணக்கம் என்றால் நிலக்கரி கூடுதல். இதை நான் வரைபடத்துடன் விளக்கியபோது மண்டபத்தில் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். தலைவர் ஆடிட்டர் முத்துகுமரன் மட்டும், மருமகன் அனுப்பும் செய்திக்குப் பதில் போடாவிட்டால் குடும்பத்தில் வெப்பம் ஏறாதா என்று கேட்டார். மூன்று மணி நேர விவாதத்துக்குப் பின் மருமகன்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தீர்மானத்தின் நகல் அன்றிரவே எல்லா உறுப்பினர்களுக்கும் வாட்ஸப்பில் அனுப்பப்பட்டது.

ஆகவே செவ்வாய்க்கிழமை தாங்கள் மூன்று முறை அழைத்தபோது நான் எடுக்காததைத் தவறாக நினைக்க வேண்டாம். கொள்கை அன்றே உருவாகிக்கொண்டிருந்தது.

மன்றத்தின் மற்றப் பணிகளும் தொய்வின்றி நடக்கின்றன. கூட்டத்தில் காகிதக் கோப்பை ஒழிந்தது. அவரவர் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுவருகிறோம். யாருடைய டம்ளர் யாருடையது என்ற தகராறில் இரண்டு உறுப்பினர்கள் விலகிவிட்டார்கள். பெரிய காரியங்களில் இப்படி நேர்வதுண்டு.

அடுத்த இலக்கு ஐந்நூற்றெட்டு மரக்கன்றுகள். எண்ணைச் சோதிடம் தெரிந்த உறுப்பினர் ஒருவர் கொடுத்தார். கன்றுகள் தயாராக இருக்கின்றன. ஆகஸ்ட் மூன்றாம் தேதி விழா. இடம்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் புவியியல் கற்பித்தவன் என்பதால் அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
பேரா. காந்திமதிநாதன் (ஓய்வு)
செயலாளர்


செம்பகநல்லூர், கீழப்பாவூர் வழி
17 ஜூன் 2025

தம்பி காந்திமதிக்கு,

கடிதம் வந்தது. பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறாய். தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது, “என்ன ஆச்சி, கோர்ட்டு நோட்டீஸா?” என்று கேட்டார். “இல்லய்யா, என் தம்பி பூமியக் குளுர வைக்கான்” என்றேன். நல்ல காரியம் என்று சொல்லிவிட்டு வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

எப்போதிருந்து நான் உனக்குத் “தாங்கள்” ஆனேன் என்று தெரியவில்லை. போகட்டும்.

செவ்வாய்க்கிழமை நான் கூப்பிட்டது வாய்க்கால் விஷயமாக. நீ மறந்திருப்பாய், எழுதுகிறேன். சிற்றாற்றிலிருந்து நம் குளத்துக்கு வரும் வாய்க்காலைப் புரட்டாசியில் ஊர் கூடி வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள். முதல் மண்வெட்டி நம் வீட்டினுடையது. அப்பா இருந்தவரை அப்பா வெட்டினார். அவர் போனபின் பாசனப் பதிவேட்டில் வரிசை எண் ஒன்றில் உன் பெயரை எழுதினார்கள். உன் பங்கு நிலத்தை நீ விற்றுப் பதினாறு வருடம் ஆகிறது. பயிர் வைப்பது நான். ஆனாலும் பதிவேட்டில் ஆண்பிள்ளை பெயர்தான் இருக்க வேண்டுமாம். பதினோரு வருடமாக நீ வரவில்லை. நான்தான் போய் முதல் வெட்டு வெட்டுகிறேன். மடைக்காரர் இசக்கிமணி, “காந்திமதிநாதன் வெட்டு!” என்று கத்துவார். ஊர் பின்னால் இறங்கும்.

இந்த வருடம் செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. நீ வர வேண்டும். காரணம் இருக்கிறது.

போன வருடம் குளம் பாதிதான் நிரம்பியது. ஒண்ணேகால் ஏக்கரில் ஒன்பது மூட்டை நெல் கண்டேன். கிணற்றை நம்ப முடியாது. உன் அத்தான் வாங்கிய டீசல் எஞ்சின் இரண்டு மணி நேரம் ஓடினால் அப்புறம் காற்றுதான் வரும். கோயம்புத்தூரிலிருந்து சண்முகநாதன் பொங்கலுக்கு வந்தபோது நிலத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு பிசானம் பாருங்கம்மா. வெளையலன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும்” என்றான். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மகனிடம் கொடுத்த வாக்கு, மாற்ற முடியாது. அறுபத்தாறு வயதில் நாலாவது மாடியில் போய் உட்கார எனக்கு விருப்பமில்லை. ஆகவே ஐப்பசியில் நடும் இந்தப் பிசான நெல் விளைந்தாக வேண்டும். வாய்க்கால் சுத்தமாக இருந்தால் விளையும்.

பூமியைக் குளிர வைப்பதற்கு மண்வெட்டியும் உதவும் என்று உன் மன்றத்தில் சொல்லிப் பார்.

அக்கா


குறிஞ்சி நகர், தென்காசி
14 ஜூலை 2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் மன்றத்தில் பாராட்டுக்குரிய முன்மாதிரியாகக் குறிப்பிடப்பட்டது. உள்ளடக்கம் வாசிக்கப்படவில்லை, கையால் எழுதப்பட்டது என்ற வகையில்.

நேற்று குற்றாலத்தில் உறுதிமொழி ஏற்பு நிகழ்ச்சி நடத்தினோம். மூத்த உறுப்பினர்கள் வெயில் தாங்கமாட்டார்கள் என்பதால் இரண்டு ஏசி வேன்கள். “அருவியைக் காப்போம்” என்ற பதாகையைத் துணியில் எழுதத்தான் நினைத்திருந்தோம்; துணியில் எழுதுபவர் கிடைக்கவில்லை; ஃப்ளெக்ஸில் அடித்தோம். நல்ல சாரல். மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டு விழுந்தது. குளிக்க விடாமல் போலீசார் கயிறு கட்டிவிட்டார்கள். எனவே அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தமாட்டோம் என்ற உறுதிமொழியைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி எடுத்தோம். ஒரு மீறல்கூட இல்லை. நூறு விழுக்காடு வெற்றி என்று அறிக்கையில் பதிவு செய்திருக்கிறேன்.

கன்றுகளுக்கும் இடம் கிடைத்துவிட்டது. நம் நகரின் பின்புறத்தில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட பள்ளம். செயற்கைக்கோள் படத்தை மண்டபத் திரையில் போட்டுக் காட்டினேன். ஏப்ரலில் எடுத்த படம். ஒரு சொட்டு ஈரம் கிடையாது. பால் பாக்கெட்டும் உடைந்த கமோடும் கிடந்தன. யாருக்கும் பயன்படாத பள்ளம். இருநூறு லாரிச் செம்மண் அடித்துச் சமன் செய்து, வேலியும் நடைபாதையும் அமைத்து நடுகிறோம்.

அனுமதிக்கு, அக்கம்பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். அந்தச் சிறு சம்பிரதாயத்தை நானே முடித்துவிட்டேன்.

செப்டம்பர் 28 பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று மரங்களுக்குப் பெயர் சூட்டும் விழா வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. பார்ப்போம்.

தங்கள் அன்புத் தம்பி,
செயலாளர்


செம்பகநல்லூர்
11 ஆகஸ்ட் 2025

காந்திமதி,

குற்றாலத்தில் ஆர்ச்சைத் தொட்டுத் தண்ணீர் விழுந்தால் மறுநாள் மத்தியானம் நம் குளத்தின் வாயில் சத்தம் கேட்கும். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, தண்ணீருக்கு நினைவிருந்தது. போன மாதம் நீ ஃப்ளெக்ஸ் பிடித்து நின்ற தண்ணீர் மறுநாள் இங்கே வந்தது. இந்த மாதம் இரண்டு முறை ஆர்ச்சைத் தொட்டதாம். இங்கே வரவில்லை.

இசக்கிமணி வாய்க்கால் ஓரமாகவே மேற்கே நடந்து போனார். சாயங்காலம் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

“என்ன இசக்கிமணி, எங்கன அடைச்சிருக்கு?”

“அடைக்கல ஆச்சி. அங்கன வாய்க்காலே இல்ல.”

“இல்லன்னா?”

“பூங்கா இருக்கு. கல்லுக்கு வெள்ளை அடிச்சு, செடி வச்சு, பெஞ்சு போட்டுருக்காவ. ஒருத்தரு பெஞ்சுல உக்காந்து மூச்சை இழுத்து இழுத்து விடுதாரு. வாய்க்கால் எங்க சார்னு கேட்டேன். மெதுவாப் பேசுங்க, தியானம் பண்ணுதோம்னு சொல்லுதாரு.”

மறுநாள் ஊரிலிருந்து ஏழு பேர் அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குப் போனோம். நானும் போனேன். அங்கே ஒரு தாளை எடுத்துக் காட்டினார்கள். “செம்பகநல்லூர் பாசனப் பதிவேடு, வரிசை எண் 1, காந்திமதிநாதன். மேற்படி இடத்தில் மரம் நட ஆட்சேபணை இல்லை.” உன் கையெழுத்து. கல்லூரியில் மாதிரியே பச்சை மையில் போட்டிருக்கிறாய்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். திரும்பும்போது பஸ்ஸில் இசக்கிமணிதான் சொன்னார்: “அவரு கையெழுத்து செல்லும் ஆச்சி. வருசா வருசம் நாமதான அவரு பேரக் கத்துதோம்.”

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ வராத பதினோரு வருடமும் உன் பெயரை அழியாமல் வைத்திருந்தது நான். என் இடுப்பு நொந்து வெட்டிய வெட்டெல்லாம் உன் கணக்கில் ஏறியது. அந்தப் பெயரை எடுத்து என் தண்ணீரை நிறுத்தியிருக்கிறாய். என் பெயர் எந்தத் தாளிலும் இல்லாததால் நான் ஆட்சேபிக்கவும் முடியாதாம்.

இரண்டு வரி எழுதிக் கொடு. “ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். பதிவேட்டில் என் பெயருக்குப் பதிலாக என் அக்கா பெயரை எழுதவும்.” அவ்வளவுதான். 28-க்குள் வந்தால் வாய்க்காலை வெட்டித் திறந்துவிடலாம். நாற்றங்காலுக்கு அம்பை பதினாறு ரக நெல்விதை வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்கா


குறிஞ்சி நகர், தென்காசி
2 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

28-ஆம் தேதி நிகழ்ந்தவை குறித்து வருத்தத்துடன் எழுதுகிறேன்.

மரங்களுக்குப் பெயர் சூட்டும் விழா நடந்துகொண்டிருந்தபோது தாங்கள் பதினான்கு பேருடனும் பதினான்கு மண்வெட்டிகளுடனும் வந்தீர்கள். விருந்தினர்கள் இருந்தார்கள். உறுப்பினர்களின் பேரக் குழந்தைகள் இருந்தார்கள். நான் கார்பன் சுழற்சி குறித்துப் பேசிக்கொண்டிருந்தேன். தாங்கள் மேடைக்கே வந்து, “ஏலே காந்தி, ஆத்துல இருந்து கோடு போட்டாப்புல ஒரு வாய்க்கால் வருது. ஒனக்கு அது பள்ளமாத் தெரியுதாலே? நீ எந்த ஊரு பூகோளத்தலே படிச்சுக் குடுத்த?” என்று கேட்டீர்கள். ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை. சிலர் கை தட்டினார்கள். யார் யார் என்று முத்துகுமரன் குறித்து வைத்திருக்கிறார்.

அத்துடன் இசக்கிமணி என்பவர் பதினேழாம் எண் கன்றைப் பிடுங்கினார். அது முத்துகுமரனின் பேத்தி பெயர் சூட்டப்பட்ட புங்கக் கன்று. குழந்தை அழுதது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது நானல்ல என்பதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். அதன் தமிழ் நடையை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

தங்கள் கோரிக்கையை மன்றம் உதாசீனம் செய்துவிடவில்லை. நடைபாதைக்கு அடியில் ஆறு அங்குலக் குழாய்கள் மூன்று பதித்திருக்கிறோம். தண்ணீர் அதன் வழியாகச் செல்லலாம். ஒப்புதலைத் திரும்பப் பெறுவது பற்றி ஆராய மூவர் அடங்கிய துணைக்குழு அமைக்கப்பட்டுள்ளது. அதில் நான் இடம்பெறவில்லை, சொந்தக்காரர் என்பதால்.

இன்னொன்று. இதைக் குற்றச்சாட்டாக அல்ல, அறிவியலாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். தங்கள் டீசல் எஞ்சின் ஒரு பருவத்தில் வெளியிடும் புகையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அதை ஈடுகட்ட நாற்பத்தொரு மரங்கள் பதினைந்து ஆண்டுகள் வளர வேண்டும். அந்த நாற்பத்தொரு மரங்களும் எங்கள் பள்ளத்தில்தான் நிற்கின்றன. ஒரு வகையில் இது தங்களுக்காகவும் செய்யப்படும் பணி.

ஸ்ரீதேவி தங்களுக்கு அல்வா அனுப்பியிருக்கிறாள். என் மனைவி மன்றத்தில் உறுப்பினர் அல்ல.

தங்கள் தம்பி,
செயலாளர்


குறிஞ்சி நகர், தென்காசி
22 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்களிடமிருந்து பதில் இல்லை. இருந்தாலும் ஒரு முக்கியச் செய்தி.

காலநிலை மாற்றம் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மலையில் கனத்த மழை. மெயினருவியில் ஆர்ச்சே தெரியவில்லை என்றார்கள். மறுநாள் காலை குறிஞ்சி நகரின் மூன்று தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர். என் வீட்டில் கீழ்த் தட்டுப் புத்தகங்கள் நனைந்தன. நிலநூல், நீரியல் இரண்டு வரிசையும் போயின. முத்துகுமரனின் கார் மிதந்தது. இந்த நகர் உருவான இருபத்திரண்டு ஆண்டுகளில் இப்படி நடந்ததே இல்லை. நாங்கள் பத்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கண்முன் நிரூபணமாகிவிட்டது. நிருபர் ஒருவர் வந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று பேட்டி கொடுத்தேன்.

தனியார் அறக்கட்டளை ஒன்று எங்களைப் “பசுமைக் காவலர்” விருதுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வெள்ளத்தின் நடுவிலும் பணியைக் கைவிடாத மன்றம் என்று பட்டயத்தில் எழுதுகிறார்கள். கன்றுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு அடித்துச் செல்லப்பட்டன. எஞ்சியவை இருநூற்றுத் தொண்ணூற்றாறு. நல்ல எண்தான் என்று சோதிடம் தெரிந்த உறுப்பினர் சொல்கிறார்.

துணைக்குழு இன்னும் கூடவில்லை. உறுப்பினர் ஒருவரின் வீட்டில் சேறு.

அங்கே மழை எப்படி?

தங்கள் தம்பி


செம்பகநல்லூர்
30 நவம்பர் 2025

காந்திமதி,

மழை எப்படி என்று கேட்டிருக்கிறாய். மழை பெய்தது. நிலத்தில் பெய்தது நிலத்துக்கே போதவில்லை. குளத்துக்கு ஆற்றுத் தண்ணீர்தான் வர வேண்டும்; அது உன் வீட்டுக்கு வந்துவிட்டது.

உன் மூன்று குழாயையும் இசக்கிமணி போய்ப் பார்த்தார். அவரை உங்கள் புகார் வந்த அன்றைக்குக் காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை காவல் நிலையப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். உன் நல்ல தமிழில் அவர் “பசுமைக்கு எதிரானவர்” என்று எழுதியிருந்ததாம். நாற்பது வருடமாக மடை திறந்து மூடுகிறவர். பசுமை என்றால் என்ன என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இருந்தும் போய்ப் பார்த்தார். ஒரு குழாயில் பால் பாக்கெட். ஒரு குழாயில் செம்மண். மூன்றாவதில் உங்கள் ஃப்ளெக்ஸ் சுருட்டிக்கொண்டு கிடந்தது. வெளியே தெரிந்த எழுத்து “காப்போம்.” அவர் வாசித்துச் சொன்னார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

எங்கள் குளத்துக்கு வந்தது, அடி மண் நனையும் அளவு. காக்கை குளித்தது. மறுநாள் அதுவும் இல்லை.

நாற்றங்காலைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்துக் காப்பாற்றினேன். இருபத்தைந்து நாளில் பிடுங்கி நட வேண்டிய நாற்று. முப்பது நாள் பார்த்தேன். நாற்பது நாள் பார்த்தேன். நாற்பத்தெட்டாம் நாள் நுனி பழுத்து, நாற்றங்காலிலேயே கணு விட ஆரம்பித்தது. வியாழக்கிழமை அறுத்து மாட்டுக்குப் போட்டேன். மாடு நன்றாகத் தின்றது.

ஊர்க் கூட்டத்தில் என் பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கேட்டேன். “தம்பி எழுதிக் கொடுக்கணும்லா ஆச்சி, ஆம்பளப் பிள்ள இருக்கையில எப்படி?” என்றார்கள். அந்த ஆம்பளப் பிள்ளை துணைக்குழு போட்டிருக்கிறான் என்றேன்.

இந்தப் பிசானம் போய்விட்டது. இனி எனக்காகக் கேட்கவில்லை. கீழே இன்னும் அறுபது ஏக்கர் இருக்கிறது. அவர்களுக்காகவாவது அந்த இரண்டு வரியை எழுது.

அல்வா கெட்டிப்பட்டுப் போய் வந்தது. ஸ்ரீதேவியிடம் சொல்லாதே. அவளிடம் போனில் நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா


குறிஞ்சி நகர், தென்காசி
8 மார்ச் 2026

அக்கா,

இதை மன்றத்தின் தாளில் எழுதவில்லை.

நீ தை மாதமே கோயம்புத்தூர் போய்விட்டாய் என்று ஸ்ரீதேவி இப்போதுதான் சொன்னாள். இரண்டு மாதமாக அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. முகவரியை அவளிடம்தான் வாங்கினேன்.

விருது விழா முடிந்தது. கேடயம் மண்டபத்தில் இருக்கிறது. கன்றுகள் காய ஆரம்பித்துவிட்டன. அந்த இடத்தில் எந்த ஈரமும் இல்லை. தினமும் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் லாரி வருகிறது, மன்றத் தீர்மானம். ஹோஸைப் பிடிக்க ஆள் இல்லாததால் நான் பிடிக்கிறேன். மற்றவர்கள் நடைப்பயிற்சி முடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். போன வாரம் ஒரு கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கால் வழுக்கியது. செம்மண் கரைந்து அடியில் ஒரு கல் வரிசை தெரிந்தது. வாய்க்காலின் கரைக் கல். ஹோஸை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எட்டு மாதமாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் மாதப் படத்தைத் திரையில் போட்ட அன்றே எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு வரைபடம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். கோடு ஆற்றில் தொடங்கி உன் குளத்தில் முடிந்தது. முத்துகுமரன், “சார், இது என்ன பள்ளம்?” என்று கேட்டார். நாற்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் என்று சொல்லியிருந்தால் வேறு இடம் தேட வேண்டும். விழாத் தேதி குறித்தாகிவிட்டது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, என் பெயருக்கு முன்னால் பேராசிரியர் போட்டு. “அது ஒண்ணுமில்ல, யாருக்கும் பயன்படாத பள்ளம்” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சொன்ன பிறகு அது எனக்கும் பள்ளமாகவே தெரிய ஆரம்பித்தது. உனக்குத்தான் கிணறு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

நீ மேடையில் கேட்டபோது நான் பதில் சொல்லியிருக்கலாம். ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னேன்.

நீ கேட்ட இரண்டு வரியையும் தனித்தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகியிருக்கிறேன். இசக்கிமணியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்கே எப்போது பார்க்கலாம் என்று எழுது. வரும் புரட்டாசியில் முதல் மண்வெட்டிக்கு நீ வர வேண்டும். நான் உன்னுடன் வருகிறேன். உன் பெயரைக் கத்தட்டும்.

நிலத்தை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கிணறு எப்படி இருக்கிறது?

காந்தி


கோயம்புத்தூர்
27 மார்ச் 2026

தம்பி காந்திக்கு,

கடிதம் வந்தது. வாசித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத எனக்கு வரவில்லை.

நீ எழுதிக் கொடுத்த இரண்டு தாளையும் இசக்கிமணிக்கு அனுப்பினேன். ஊர்க் கூட்டத்தில் வாசித்தார்களாம். வாய்க்காலைத் திறக்க மனு கொடுத்திருக்கிறார்கள். அது இப்போது விருது வாங்கிய பூங்கா என்பதால் மரங்களை எடுக்க ஓர் ஆய்வு நடக்க வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. ஆய்வுக்குத் தேதி போடவில்லை.

பதிவேட்டில் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிவிட்டார்கள். இசக்கிமணி போனில் படம் எடுத்து அனுப்பினார். வரிசை எண் 1, அகிலாண்டேஸ்வரி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் “வெளியூர்” என்று போட்டிருக்கிறது. வெளியூர்க்காரர்களை வேலைக்குக் கூப்பிடும் வழக்கம் இல்லை.

மாட்டை ஆய்க்குடியில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். இங்கே நாலாவது மாடி. பால்கனியில் சண்முகநாதன் எனக்காக மூன்று தொட்டி வாங்கி வைத்திருக்கிறான். ஒன்றில் துளசி. மற்ற இரண்டிலும் மண் மட்டும் இருக்கிறது.

நிலத்தைக் கேட்டிருந்தாய். தரிசாகக் கிடக்கிறது. கிணற்றில் எஞ்சின் இரண்டு மணி நேரம் ஓடும் அளவுக்குத் தண்ணீர் இப்போதும் ஊறுகிறது. சண்முகநாதன் அதை ஒரு தண்ணீர் லாரிக்காரருக்கு விட்டிருக்கிறான். இசக்கிமணிக்கு மடை வேலை இல்லாததால் அவர்தான் விடியற்காலையில் போய் டீசல் எஞ்சினை ஓட்டி லாரியை நிரப்புகிறார். அவரைப் பார்க்க வேண்டும் என்றால் காலை ஆறு மணிக்குக் கிணற்றடிக்குப் போ. ஏழு மணிக்கு லாரி நிரம்பிவிடும். எட்டு மணிக்கு அது குறிஞ்சி நகருக்கு வந்துவிடும்.

அக்கா